பதினெட்டில் ஆறு

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பதினொரு நாள் பேசாமல் இருந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? தேநீர் ஆறும். கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்தப்படும். நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூது போய் அலுத்துப்போவார். அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த வாரம் எனக்கே உறைத்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஒரு சின்ன ஆய்வகத்தில் மூன்று வருடமாக அவளுக்கு ஒரே வேலை, கண்ணாடிமேல் போடுகிற ஒரு பூச்சு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. வெயில் பட்டால் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை அதுவே அரித்துத் தின்றுவிடும். மழை பெய்தால் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் ஒரே விரிப்பாகப் படர்ந்து, அழுக்கை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். யாரும் துணியெடுத்துத் துடைக்க வேண்டியதில்லை. நாற்பது கலவைகள் காலை வாரிவிட்டு, நாற்பத்தொன்றாவதுதான் கைகொடுத்தது. அதனால் வீட்டில் அதற்குப் பெயரே 'நாற்பத்தொண்ணு'. வீட்டுக்கு ஒரு ஆள் கூடிவிட்ட மாதிரி, நாற்பத்தொண்ணு எப்படி இருக்கு என்று விசாரிப்பார்கள்.

மாமியார் கண்ணாடிக் கடைக்காரர். முப்பது வருடமாக அறுப்பு மேசையை விட்டு நகராதவர். அறுப்பது அம்மா, கொண்டுபோய் மாட்டுவது மகன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், இந்த நாற்பத்தொண்ணைப் பூசிய பதினெட்டுக் கண்ணாடிகளை ஒரு பஸ் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் மாட்டினார்கள். எட்டு மாதம் யாரும் துடைக்கக்கூடாது. மருமகள் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. காட்டினால் நீயே துடைத்தாய் என்பார்கள். அவளும் ஒழுங்காக இரண்டு பஸ் மாறிச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

இன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு அதிகாரி வந்து பார்க்கிறார். பதினெட்டில் பன்னிரண்டு தேறினால் போதும். ஆனால் தேறாத ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் ஒன்றே ஒன்று அழுக்காக நின்றாலும் மொத்தமும் தோல்வி. தோற்றால் ஆய்வகத்தில் அந்தப் பிரிவை மூடிவிட்டு மருமகளைத் தலைமை ஆய்வகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டிய ஊர். கடையை விட்டுக் கணவன் வர முடியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

காலை பத்து மணிக்கு மருமகள் ஹோஸ் பைப்பும் கையுமாக வந்து இறங்கினாள்.

கூடம் நீளமானது. பஸ்கள் வந்து திரும்பும் பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கண்ணாடியை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பெஞ்ச். நாளெல்லாம் டீசல் புகை. பெஞ்சின் இரும்புக் காலைத் தொட்டால்கூட விரல் கறுக்கும் இடம்.

அவள் சாலைப் பக்கமாகச் சுற்றி வந்தாள். முதல் நான்கு கண்ணாடிகளும் பளிச்சென்று இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்தில் அவள் இப்படித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை யாரும் பார்த்ததில்லை.

ஐந்தாவது கண்ணாடி சாம்பல் நிறத்தில் இருந்தது.

குழாயைத் திறந்து தண்ணீர் அடித்தாள். நாலாவதில் பட்ட தண்ணீர் விரிப்பாக இறங்கியது. ஐந்தாவதில் துளித்துளியாக நின்றது, பிறகு கோணல்மாணலாக ஓடிச் சேற்றுக் கோடு போட்டது. ஆறு, ஏழு, எட்டும் அப்படியேதான். ஒன்பதிலிருந்து பதினாறு வரை ஒரு குறையும் இல்லை. கடைசி இரண்டும், பதினேழும் பதினெட்டும், மறுபடி அழுக்கு.

பதினெட்டில் ஆறு.

பைப்பைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கடையில. என்ன ஆச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஆறு கண்ணாடி போச்சு."

"உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். அழுக்கா இருக்கு. தண்ணி நிக்குது. நாற்பத்தொண்ணு வேலை செய்யல."

"எந்த ஆறு?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள்.

"வரேன்," என்று வைத்துவிட்டான்.

கடை வேன் வந்து நிற்கும்போது மணி பதினொன்றரை. அவன் இறங்கினான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு, முட்டியைப் பிடித்தபடி மாமியாரும் இறங்கினார்.

"இந்த வெயில்ல நீங்க எதுக்கு அத்தை?"

"என் கடைக் கண்ணாடி. நான் பாக்கக் கூடாதா டாக்டர்?"

டாக்டர் என்று அவர் கூப்பிடுவதில் பாதி பெருமை, பாதி குத்தல். எந்தப் பாதி எப்போது என்று மருமகளுக்கே ஒன்பது வருடமாகப் பிடிபடவில்லை. இன்றைக்கு அதையெல்லாம் ஆராய அவளுக்குத் தெம்பும் இல்லை.

கணவனும் மனைவியும் வெளியே நின்று ஐந்தாவது கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவள் பூச்சைச் சுட்டெடுத்த சூளையில் சூடு குறைந்திருக்குமோ என்றாள். பூசும்போது ஈரம் இருந்திருக்குமோ என்றாள். தன் வேலையில் இருக்கக்கூடிய குற்றங்களை அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் ஊம் கொட்டினான்.

மாமியார் முட்டி வலியோடு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கோடி வரை பார்க்கத் தலையைச் சாய்த்தார். கோடியில் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து, கடைசி இரண்டு கண்ணாடிகளையும் மறைத்தபடி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு தன் பக்கத்திலிருந்த அழுக்குக் கண்ணாடிகள் நாலையும் பார்த்தார்.

"டாக்டர், உள்ள வா."

"அத்தை, கொஞ்சம் இருங்க."

"வான்னா வா. இந்த நாலு கண்ணாடிக்கு முன்னால உக்காந்தவங்க எல்லாரும் மொட்டைத் தலையா?"

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. மாமியார் விரலை நீட்டினார்.

பெஞ்சில் உட்காருகிறவர்கள் கண்ணாடியில் தலை சாய்ப்பார்கள். எட்டு மாதத்துத் தலைகள், எட்டு மாதத்து எண்ணெய். முதல் நான்கு கண்ணாடிகளிலும் உள்பக்கம் ஒரே உயரத்தில் வட்டவட்டமாகப் பிசுக்கு. ஒன்பதுக்கு மேலேயும் அப்படித்தான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டில் மட்டும் ஒரு வட்டம்கூட இல்லை. வெளிப்பக்கம்தான் அழுக்கு, உள்பக்கம் துடைத்து வைத்தது போல இருந்தது.

அவள் நாலாவதின் உள்பக்கம் வாயை வைத்து ஊதினாள். சாதாரணக் கண்ணாடி ஊதினால் மங்கும். மங்கியது. ஐந்தாவதின் உள்பக்கம் ஊதினாள். மங்கவில்லை. பூச்சு அங்கேதான் இருந்தது.

"திருப்பி மாட்டியிருக்கு," என்றாள் மெதுவாக. "பூச்சு உள்பக்கம் இருக்கு. வெளிய இருக்கிறது வெறும் கண்ணாடி."

அடுத்த கணம் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொண்ணு தோற்கவில்லை. பிறகுதான் கோபம் வந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டித்தானே குடுத்தேன்? 'இந்தப் பக்கம் வெளியே'ன்னு இவ்வளவு பெரிய எழுத்துல எழுதியிருந்தேனே. எப்படிங்க மாறும்?"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்தான். "நான்தான். அவசரத்துல பாக்காம மாட்டிட்டேன்."

"நாலும் சேர்த்தா?"

"அதான் சொல்றேனே. என் தப்புதான்."

"அப்ப கடைசி ரெண்டும்?"

அவன் விறுவிறுவென்று கோடி வரை நடந்தான். தூங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின் பெட்டிகளைத் தாண்டிக் குனிந்து ஏதோ பார்த்தான். திரும்பி வந்தான்.

"அதுவும் இதே கதைதான்," என்றான்.

அவள் நம்பினாள். ஒன்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் இரண்டு கண்ணாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

அவன் வேனிலிருந்து கத்தியையும், கண்ணாடி தூக்கும் ரப்பர்க் கைப்பிடிகளையும் எடுத்து வந்தான்.

"மணி பன்னெண்டு. மூணு மணி நேரம் இருக்கு. ஒண்ணுக்கு அரை மணி. ஆறையும் திருப்பிடலாம்."

"திருப்பி?"

"பளபளன்னு நிக்கும். தண்ணி அடிச்சா விரிப்பா இறங்கும். வேற என்ன வேணும்?"

"எட்டு மாசமா மழையில நனையாத பூச்சுங்க அது. புகை படாதது. அதைக் காட்டி, எட்டு மாசம் வெளிய நின்னுச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"பன்னெண்டு கண்ணாடி நிஜமாவே நின்னிருக்கே. பொய்யா அது? இந்த ஆறும் சரியா மாட்டியிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும். உனக்கே தெரியும்."

"தெரியும். பாத்ததில்லை. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஸ்கூல் விட்டு வந்து, அம்மா எங்கன்னு அவ கேட்டா நான் என்ன சொல்றது? அதை யோசிச்சியா?"

அது சரியான இடத்தில் பட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் மருமகளுக்கும் ஆசை வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னால் போதும் என்று விதி இருக்கிறதுதான். ஆனால் ஆறு கண்ணாடியை உள்ளும் புறமும் மாற்றி மாட்டினோம் என்று சொல்லுகிற குடும்பத்தை எந்த அதிகாரி நம்புவார்? அவள் ஒதுங்கி நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவன் ஐந்தாவது கண்ணாடியின் ஓரத்தில் கத்தியை வைத்தான். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்திருந்த கறுப்புப் பசை பட்டையாக உரிந்து வந்தது. மேலிருந்து இடுப்பு உயரம் வரை அறுத்துவிட்டான்.

"கத்தியைக் கீழ வைடா," என்றார் மாமியார்.

"அம்மா, நீங்க சும்மா இருங்க."

"வைடான்னா. நீ மாத்தி மாட்டல. ஸ்டிக்கர் இருந்த பக்கம் பாத்துத்தான் மாட்டின. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினது நான்."

அவன் அப்படியே நின்றான். அவனுக்கு அது முன்பே தெரியும் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

மாமியார் மருமகளைப் பார்த்துப் பேசினார். "நாலு கண்ணாடி விளிம்பு சொரசொரன்னு இருந்துச்சு. கையைக் கிழிக்கும். அப்படி ஒரு கண்ணாடி என் கடையை விட்டுப் போனதில்லை. தண்ணி விட்டு விளிம்பைத் தேச்சேன். ஸ்டிக்கர் நனைஞ்சு விழுந்துடுச்சு. நாலையும் துடைச்சு, மேசையில எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அதுல ஒட்டினேன்."

"எந்தப் பக்கம்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை. அன்னைக்கு நான் பக்கத்து அறையிலதான் உக்காந்து குறிப்பு எழுதிட்டு இருந்தேன்."

"கேட்டிருக்கலாம்." மாமியார் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "அப்ப நாம பேசிக்கல இல்ல."

பழைய வாசகர்களுக்கு அந்தத் தட்டுச் சண்டை நினைவிருக்கும். மருமகள் காய வைத்திருந்த மாதிரிக் கண்ணாடித் தட்டை மாமியார் அழுக்குத் தட்டு என்று நினைத்துக் கம்பிநார் போட்டு வெளுத்து வாங்கிவிட்டார். மருமகள் விருந்தாளிகள் முன்னால் கத்திவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு நாள், உப்பு எங்கே என்று கேட்கக்கூட நடுவில் அவன்தான். உங்க அம்மாகிட்ட கேளுங்க, உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு. அந்தப் பதினொரு நாளில் ஏழாவது நாள்தான் மாமியார் அந்த நாலு கண்ணாடியையும் தேய்த்தார்.

மருமகள் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கினாள்.

"திருப்ப வேண்டாம். இருக்கிறதைச் சொல்லிடுவோம்."

"சொன்னா தோத்துடுவே."

"காரணம் இருந்தா தோக்க மாட்டேன். காரணம் இருக்கு. அத்தை சொல்லுவாங்க." அவள் திரும்பினாள். "சொல்லுவீங்களா அத்தை?"

முப்பது வருடத்தில் ஒரு கண்ணாடிகூடத் தப்பாகப் போகவில்லை என்று கடைப் பலகையில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற பெண்மணி. முட்டியை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லாம? என் வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கு?" என்றார்.

மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் பிளாஸ்கைத் திறந்து முதல் தம்ளரை மருமகளிடம் நீட்டினார். மருமகள் வாங்கிக்கொண்டாள். அவன் மட்டும் வேண்டாம் என்றான். அம்மாவின் தப்பு வெளியே வந்துவிட்ட வருத்தம் என்று இருவரும் நினைத்தார்கள்.

சரியாக மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கேன்வாஸ் ஷூ, கையில் அட்டை வைத்த காகிதம், காதில் பென்சில், பையில் பேனா. பென்சிலில் குறிப்பு எடுப்பார், கடைசியில் பேனாவால் கையெழுத்துப் போடுவார். பேனா எழுதியதை அவர் அடித்துத் திருத்தியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஒவ்வொரு கண்ணாடியாகத் தண்ணீர் அடித்தார். பன்னிரண்டுக்குச் சரி போட்டார். ஆறுக்குச் சுழி போட்டார். ஐந்தாவதில் நின்று, அறுபட்ட பசையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

மருமகள் முன்னால் வந்தாள். "திருப்பி மாட்டிடலாம்னு ஆரம்பிச்சோம் மேடம். அப்புறம் நிறுத்திட்டோம்."

"ஏன் நிறுத்தினீங்க?"

"அது பொய்யாயிடும்."

அதிகாரி பென்சிலைக் காதில் செருகினார். "சொல்லுங்க."

மாமியார் எழுந்து நின்றார். முட்டி வலிக்கிறது, உட்கார்ந்தே சொல்லுங்கள் என்று அதிகாரி சொல்லியும் உட்காரவில்லை. விளிம்பு தேய்த்தது, ஸ்டிக்கர் விழுந்தது, கேட்காமல் ஒட்டியது எல்லாவற்றையும் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்று அதிகாரி கேட்டபோது, "வீட்டுச் சண்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி உள்ளே வந்து ஐந்திலும் ஆறிலும் ஊதிப் பார்த்தார். இரண்டும் மங்கவில்லை. தலையை ஆட்டினார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"என் மாமியாரும் நானும் ஒரு தடவை ரெண்டு மாசம் பேசல," என்றார். "சரி. ஆறும் மாட்டினதுல வந்த தப்பு. பூச்சுல குறை இல்லை. பன்னெண்டு போதும்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மருமகளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. மகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட மனம் ஓடிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. கோடியில் தூங்கிய குடும்பம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடியது. அவர்கள் மறைத்துக்கொண்டிருந்த கடைசி இரண்டு கண்ணாடிகளும் காலையிலிருந்து முதல்முறையாக உள்ளிருந்து முழுசாகத் தெரிந்தன.

பதினேழிலும் பதினெட்டிலும் தலை உயரத்தில் எண்ணெய் வட்டங்கள் இருந்தன. இப்போது எழுந்து போனவர்களுடையது மட்டும் இல்லை. வட்டத்தின்மேல் வட்டமாக, காய்ந்து மஞ்சளேறிய எட்டு மாதத்துப் பிசுக்கு.

அப்படியானால் உள்பக்கம் பூச்சு இல்லை. பூச்சு வெளிப்பக்கம் இருக்கிறது. சரியாகத்தான் மாட்டியிருக்கிறது. மாட்டியும் தோற்றிருக்கிறது.

அவள் பிடித்திருந்த கை ஒரு முறை இறுகியது. மாமியாரும் பார்த்துவிட்டார். தேய்த்தது நாலு, சுழி ஆறு. அந்தக் கணக்குப் போட அவருக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை. மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

பேசாமல் இருந்தால் போதும். யாரையும் ஏமாற்ற வேண்டாம், கத்தி எடுக்க வேண்டாம், ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் மகளோடு இந்த ஊரிலேயே இருக்கலாம். பேசினால், அவளுக்கே காரணம் தெரியாத இரண்டு கண்ணாடிகள் அவளை ரயிலேற்றிவிடும்.

சற்று முன்னால்தான் ஒரு வயசான பெண்மணியை அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்துத் தன் தப்பைச் சொல்ல வைத்தாள். அந்தக் கை இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்."

அதிகாரி நிமிர்ந்தார்.

"அத்தை தேச்சது நாலுதான். கடைசி ரெண்டும் சரியாத்தான் மாட்டியிருக்கு. உள்பக்கம் கறை இருக்கு பாருங்க. பூச்சு வெளியதான் இருக்கு. ஆனா வேலை செய்யல." அவள் கோடியைக் கை காட்டினாள். "ஏன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி கோடி வரை நடந்து போய் இரண்டிலும் ஊதிப் பார்த்தார். இரண்டும் மங்கின. திரும்பி வந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"காரணம் தெரியாட்டி என்ன எழுதணும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

பேனா காகிதத்தில் பட்டது.

"காரணம் எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல்.

அவன்தான். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவன் உள்ளே வந்தான். நேராகப் பதினெட்டாவது கண்ணாடிக்குப் போய், ஓரத்துப் பசையில் நகத்தை அழுத்தினான்.

"சிலிகான் கலக்காத பசையைத்தான் போடணும்னு இவ அன்னைக்கே சொன்னா. சிலிகான்ல இருந்து எண்ணெய் கசிஞ்சு கண்ணாடி மேல படரும், பூச்சை மூடிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. அவ குடுத்த பசைக் குழாய் பதினாறோட தீந்துடுச்சு. வேன்ல கடைக் குழாய் ஒண்ணு இருந்துச்சு. அது சாதா சிலிகான். ரெண்டும் கறுப்புதான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள். இன்றைக்கு இரண்டாவது முறை அதே வார்த்தை.

"அந்தப் பதினொரு நாளும் ரெண்டு பேருக்கும் நடுவுல குறை மட்டும்தான் சுமந்துட்டிருந்தேன். இன்னொரு குறையை எடுத்துட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெம்பில்லை."

காலையில், எந்த ஆறு என்று அவன் போனில் கேட்டது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, இதே கதைதான் என்று சொன்னதும் விளங்கியது. அவள் தன் சூளையையும் தன் கையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் நின்று ஊம் கொட்டினானே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "அந்தப் பசையை அறுத்து எடுங்க, என் கண் முன்னால. ரெண்டு கண்ணாடியும் பசையும் எங்ககூட வரும். இவர் சொல்றது நிஜம்னு சோதனையில நிக்கணும். ஏழு நாள். அதுவரைக்கும் நான் தேர்ச்சின்னும் எழுதல, தோல்வின்னும் எழுதல."

அவன் கத்திக்காகக் கையை நீட்டினான். கத்தி அவளிடம்தான் இருந்தது. அவள் அதை அவனிடம் கொடுக்கவில்லை. மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அத்தை, உங்க பையன்கிட்ட இதைக் குடுங்க."

மாமியார் வாங்கி மகனிடம் கொடுத்தார்.

"வேலை முடிஞ்சதும் நான் உங்ககூட பஸ்ல வரேன். அவரை வேன்ல வரச் சொல்லுங்க." அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அப்புறம் கேளுங்க அத்தை, இன்னும் ஏதாவது சொல்லாம வச்சிருக்காரான்னு."

இரண்டு எட்டுத் தள்ளித்தான் அவன் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. மாமியார் ஒரு முறை மருமகளைப் பார்த்தார், ஒரு முறை மகனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டேய், உன் பெண்டாட்டி கேக்கறா..."